தொண்ணூறு என்று வைத்துக்கொண்டோம்

அக்டோபர் 1, புதன்

இந்த டைரி ஜனவரியில் சிமெண்டுக் கடைக்காரர் இவருக்குக் கொடுத்தது. இத்தனை மாதமும் பீரோவின் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது கையில் வந்தது. "தெனமும் ஒரு பக்கம் எழுதும்மா. பரீட்சையில கை வலிக்காது" என்றாள் இலக்கியா. ஒன்பதாவது படிக்கிற என் மகள். இப்போதைக்கு எனக்கு வாத்தியாரும் அவள்தான்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் நான் சமையல் உதவியாளர். பத்தாவது பாஸ் என்றால் அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போடலாம். எனக்கோ அந்தக் காலத்திலேயே கணக்கு ஒன்றில் மட்டும் புட்டுக்கொண்டது. அதைத்தான் இப்போது மறுபடியும் எழுதப் போகிறேன். ஐம்பது கிலோ அரிசியை அளக்கச் சொல்லுங்கள், அளக்கிறேன். கோணம் என்றால் ஓடிவிடுவேன்.

இவர் கொத்தனார். வருஷா வருஷம் கரண்டி, சுத்தியல், தரை மட்டமா என்று பார்க்கிற ரசமட்டம், சுவர் நேரா என்று பார்க்கிற தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் தரையில் பரப்பி வைப்பார். நான் சந்தனம் வைப்பேன். இந்த வருஷம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால் ரசமட்டத்தையும் குண்டையும் காணோம்.

"அது ரெண்டும் சைட்ல கெடக்குது சாந்தா. மறந்துட்டு வந்துட்டேன்."

ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை மறக்கிற கொத்தனாரை இப்போதுதான் பார்க்கிறேன். காலையில் அவர் அதைக் கழுவுவதைப் பார்த்த மாதிரிகூட இருந்தது. எனக்குத்தான் கண்ணாடி மாற்ற வேண்டும்.

அக்டோபர் 4, சனி

விடாத மழை. பக்கத்து மலையில் ஒரு தடுப்புச் சுவர் சரிந்து மாட்டுக் கொட்டகையை மூடிவிட்டதாம். இரண்டு மாடு போய்விட்டது. பால்காரர் சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் வீடு குன்னூருக்கு மேலே சரிவில் இருக்கிறது. அடுக்களைக்குப் பின்னால் ஒரு சிறு முற்றம், முற்றத்தை ஒட்டித் தடுப்புச் சுவர், சுவருக்குப் பின்னால் முழு மலை. முன்வாசலில் நின்றால் பள்ளம். அங்கே கீழ்வீட்டு நதியாவின் தகரக் கூரை தெரியும். மலையை வெட்டித் தட்டாக்கி இவரே கட்டிய வீடு. அந்தத் தடுப்புச் சுவரையும் முற்றத்தையும் வீட்டுத் தளத்தையும் ஒரே மூச்சில் சேர்த்து கான்கிரீட் போட்டார். "பூகம்பம் வந்தாலும் தனித்தனியா ஆடாது" என்று அப்போது ஊரெல்லாம் பெருமை.

இன்றைக்கு அந்தச் சுவர் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறதோ? கேட்டால், "கட்டும்போதே அப்பிடித்தான்" என்கிறார்.

அக்டோபர் 6, திங்கள்

இலக்கியா கொடுத்த கணக்கு: இரண்டு நிரப்புக் கோணங்களில் ஒன்று மற்றதைவிட 20 டிகிரி அதிகம். இரண்டும் என்ன?

அரை மணி நேரம் வெறித்துப் பார்த்தேன். "தெரியாதத x-னு வெச்சுக்கோம்மா. பேரு வெச்சுட்டா பயம் போயிரும்" என்றாள். வைத்தேன். சின்னது x, பெரியது x + 20. நிரப்புக் கோணம் என்பதால் சேர்த்தால் 90. அப்படியென்றால் 2x + 20 = 90. 2x = 70. x = 35. இன்னொன்று 55.

வந்துவிட்டது! இருபது வருஷத்துக்கு முன்னால் இதை ஒருத்தர் இப்படிச் சொல்லியிருந்தால் என்ன?

அடுத்த கணக்கில் கவிழ்ந்தேன். மிகை நிரப்புக் கோணங்கள், ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. சேர்த்தால் 180 என்று போட வேண்டிய இடத்தில் 90 போட்டேன். அறுபதும் நூற்றிருபதும் வர வேண்டியது, முப்பதும் அறுபதுமாக வந்தது. இலக்கியாவின் டீச்சர் ஒன்று சொல்வாராம்: "கணக்குல குடுக்காதத நீங்களா வெச்சுக்காதீங்க." அதை எனக்கும் சொன்னாள். பெரிய மனுஷி.

காலையில் தோசைக் கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. ஒரு பக்கம் முறுகல், மறு பக்கம் வறட்சி. கல் வளைந்துவிட்டது. புதுசு வாங்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

வாசற்கதவு சாத்த வரவில்லை. மழை ஈரத்தில் மரம் ஊதிவிட்டதாம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் இழைப்புளியை இரவல் வாங்கி வந்து அடியில் சீவிவிட்டார். கட்டில் ஆடுகிறது என்று முணுமுணுத்தேன், சாயங்காலம் பார்த்தால் காலுக்கடியில் ஓட்டுச்சில் வைத்திருக்கிறார். கேட்காமலே செய்கிறார். கல்யாணமான புதுசில்கூட இப்படி இருந்ததில்லை.

சாப்பிடும்போது மட்டும் பேசமாட்டேன் என்கிறார். முன்பெல்லாம் ரசத்தில் உப்பு கூடினால் ஒரு மேடைப் பேச்சே நடக்கும்.

அக்டோபர் 11, சனி

சுவர் பயம் தாங்காமல் இலக்கியாவிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அளந்து பாத்துரலாம்மா" என்றாள்.

அவளுடைய பாகைமானி உள்ளங்கை அளவு. அது காணாது என்று முட்டை அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பெரிய அரைவட்டமாக வெட்டினாள். பாகைமானியை நடுவில் வைத்து ஒவ்வொரு டிகிரிக்கும் கோட்டை இழுத்து ஓரம் வரை நீட்டினாள். முற்றத்துத் தளத்தில் அட்டையின் அடியை வைத்து, சுவரில் நீளக்குச்சியை ஒட்டிப் பிடித்தோம். நேராக இருந்தால் 90 காட்ட வேண்டும். 87 காட்டியது.

மூன்று டிகிரி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

"கட்டும்போதே அப்பிடித்தான்னு அப்பா சொன்னாருல்ல? கூடுதான்னு தெனமும் பாப்போம். 87 அப்பிடியே நின்னா பயமில்ல. 86 ஆனா ஓடிரலாம்" என்றாள். சரியான யோசனை. இவ்வளவு புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் பக்கத்திலிருந்து இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

87. நேற்றும் 87. முந்தாநாளும் 87. இத்தனை மழையிலும் ஒரு இம்மிகூட நகரவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தூங்கலாம்.

நான் காலண்டரோடு போராடிக்கொண்டிருக்கிறேன். பக்கச்சுவரில் தொங்குகிற முருகன் காலண்டர் கோணலாகவே நிற்கிறது. நேராக்கினால் மறுபடியும் வாசல் பக்கமாகச் சாய்கிறது. இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆணியைப் பிடுங்கி அடுக்களைச் சுவரில் அடித்து மாட்டினார். "இங்க இருந்தா சமைக்கறப்போ தேதி பாக்கலாமில்ல?"

கணக்கு நன்றாகப் போகிறது. ஒரு சூத்திரம் பிடித்துவிட்டேன். 'செங்குத்து' என்று கண்ணில் பட்டால் யோசிக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு 90 போட்டுவிட வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

மதியம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சரிவில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்துவிட வேண்டுமாம். யாரும் அசையவில்லை. எங்கள் வரிசையில் யாருக்கும் பட்டா கிடையாது. வெளியே போன பிறகு வீட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இவரும் அதையேதான் சொன்னார். ஆனால் ஜீப் போன பிறகும் வாசலிலேயே நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைகிறோம் என்ற நினைப்புகூட இல்லை.

நதியாவுக்குக் குழந்தை பிறந்து இன்னும் முப்பது நாள் கழியவில்லை. அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மா மட்டும் துணைக்கு வந்திருக்கிறார். பத்திய ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது. அதன் தொட்டிலுக்கு நேர் மேலே அண்ணாந்தால் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டு முன்பக்கம் தெரிகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. 87.

முறுக்கு அச்சை எடுக்கப் பரணில் ஏறினேன். அச்சு இருந்த சாக்குக்குள் பழைய துண்டில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. பிரித்தேன். ரசமட்டம். தூக்குக்குண்டு.

சைட்டில் இருக்கிறது என்றாரே. கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்திருப்பார். அவருக்கும் வயசாகிறது.

இருந்த மாதிரியே சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் இதை எல்லாம் கேட்பானேன்?

முறுக்கு சரியாக வரவில்லை. சட்டியில் எண்ணெய் ஒரு ஓரம் தளும்ப, மறு ஓரத்தில் முறுக்கு மூழ்கவே இல்லை. இந்தச் சட்டியும் வளைந்துவிட்டதா?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழையில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியது நான்தான், வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. இவர் டீக்கடைக்குப் போயிருந்தார். காலையில் சுவரை அளந்தோம், 87. அந்தச் சந்தோஷத்தில் இலக்கியா சுவரை வைத்தே ஒரு கணக்குப் போட்டாள். 'ஒரு சுவர் தரையோடு 87 டிகிரி கோணத்தில் சாய்ந்துள்ளது. சுவரின் உச்சியில் ஆணி அடித்து, அதிலிருந்து குண்டு கட்டிய நூல் தரைவரை தொங்குகிறது. நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கோணம் x எனில், x-இன் மதிப்பு என்ன?'

சுவர், நூல், தரை. முக்கோணம். மூன்று கோணமும் சேர்ந்தால் 180. குண்டு கட்டிய நூல் நேராக இறங்கும், தரையில் செங்குத்து, 90. ஆகவே 87 + 90 + x = 180. x = 3. எச்சில் விழுங்குவதற்குள் சொல்லிவிட்டேன். அவள் கை தட்டினாள்.

"செஞ்சு பாக்கலாமா? அப்பாவோட தூக்குக்குண்டு இருந்தா நல்லாருக்கும்."

"அதெல்லாம் வேண்டாம்" என்று நான் சொன்ன வேகத்தில் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தையல் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டினேன். ஸ்டூலில் ஏறிச் சுவர் உச்சியில் ஆணி அடித்து மாட்டினேன். காற்றில் ஆடி ஆடி நின்றது. அட்டையை உச்சியில் பிடித்துப் பார்த்தோம்.

3 இல்லை. 5.

கணக்கு தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். என் கணக்கு எப்போது சரியாக இருந்தது? கூட்டிப் பார்த்தேன். 87 + 90 = 177. நூற்றெண்பதுக்கு மூன்றுதான் பாக்கி. அட்டையைத் திருப்பிப் பிடித்தோம். வேறு நூல் கட்டினோம். 5.

இலக்கியா தரையில் குந்தி நூலின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா, உன் கணக்கு சரி. 87 அளந்தோம். 5 அளந்தோம். 90 மட்டும் அளக்கல. அத நாமளா வெச்சுக்கிட்டோம்."

நூல் தரையைத் தொடுகிற இடத்தில் இருக்கிற கோணத்தை y என்று வைத்தோம். 87 + 5 + y = 180. y = 88. அட்டையை அங்கே வைத்து அளந்தோம். 88.

நூல் பொய் சொல்லாது. நேராகத்தான் தொங்கும். அப்படியென்றால் சாய்ந்திருப்பது தரை. சுவரும் தரையும் ஒரே கான்கிரீட், தனித்தனியாக ஆடாது என்றாரே. ஆடவில்லை. இரண்டும் சேர்ந்தே பள்ளத்துப் பக்கம் சாய்கின்றன. சாய்கிற தரையில் நின்றுகொண்டு சாய்கிற சுவரை அளந்தால் என்றைக்கும் 87தான் வரும். வீடே உருண்டு கீழே போகும்போதும் 87தான் வரும்.

உள்ளே ஓடிப்போய்த் தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தேன். தண்ணீர் வாசல் பக்கத்து விளிம்பில் ஏறி நின்றது. தோசைக் கல் வளையவில்லை. முறுக்குச் சட்டி வளையவில்லை. கதவு ஊதவில்லை. காலண்டர் ஒன்றுதான் வீட்டில் நேராகத் தொங்கியது, அதைப் போய் நான் தினமும் கோணலாக்கிக்கொண்டிருந்தேன்.

கதவைச் சீவியது யார், கட்டிலுக்குச் சில் வைத்தது யார், காலண்டரை இடம் மாற்றியது யார் என்பதை எல்லாம் இப்போது எழுதப் போவதில்லை.

அவர் வந்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். சாப்பாடு போட்டேன். மழை கொட்டுகிறது.

அக்டோபர் 23, வியாழன்

பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் இருப்புக் கொள்ளாது.

விடிந்ததும் நூலைப் பார்த்தேன். உச்சியில் 6 தாண்டிவிட்டது. ஒரே நாளில் ஒரு டிகிரி. சுவருக்கும் தரைக்கும் அதே 87.

இவர் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்தார். நான் பரணில் ஏறிச் சாக்கை இறக்கினேன். துண்டைப் பிரித்தேன். ரசமட்டத்தையும் குண்டையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

"பூஜைக்கு வெக்காம விட்டுட்டமல்லங்க" என்றேன்.

ரசமட்டத்தின் கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கவில்லை. அடுக்களைப் பக்கக் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. மூவரும் அதையே பார்த்தோம். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தெரியும் சாந்தா. பூஜையன்னிக்கே தெரியும். கீழ வெச்சேன், குமிழி நிக்கல. ஒடனே எடுத்து ஒளிச்சுட்டேன்."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? மலைய வெட்டுன மண்ண வெளிய கொட்ட வழியில்லாம முன்பக்கமே கொட்டி நெரவி, அது மேலயே தளம் போட்டேன். பாதி வீடு பாறைமேல, பாதி வீடு கொட்டுன மண்ணுமேல. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் என்னைய நம்பிக் கரண்டியத் தொடச் சொல்லுவான்? மழை விட்டா நின்னுரும்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குண்டை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன். இத்தனை நாளும் என் பிள்ளையை அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார், காலுக்குச் சில் வைத்து! ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பயந்துபோன பிள்ளையின் முகமாக இருந்தது. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

"கெளம்புங்க. பேச்செல்லாம் அப்புறம்" என்றேன். பாடப் புத்தகங்கள், ரேஷன் கார்டு, இந்த டைரி, மாற்றுத் துணி. அவ்வளவுதான் எடுத்தோம்.

இலக்கியாவை முகாமுக்கு அனுப்பிவிட்டு நான் நேராக நதியா வீட்டுக்கு இறங்கினேன். அவள் அம்மா வாசலை மறித்தார்.

"முப்பது கழியாம பச்சப் புள்ளய மழையில வெளிய கொண்டுபோறதா? என்ன பேச்சுப் பேசற சாந்தாமணி? எங்க வீட்டுத் தரையில கோலிகூட உருளல. நீ வேணா வெச்சுப் பாரு."

"உங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. என் வீடுதான் உங்க மேல வரப்போகுது."

அவர் நம்பவில்லை. கோணம், நூல், 88 என்று நான் சொல்லச் சொல்ல, "கொத்தனார் கட்டுன வீடு, சமையக்காரி சொன்னா விழுந்துருமா?" என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நதியா உள்ளே பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு விழித்தாள்.

பின்னால் இவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது. தலையில் சாக்கு, இடுப்பு வரை சேறு. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"அம்மா, அந்த வீட்டக் கட்டுனவன் நான். கொட்டுன மண்ணுமேல கட்டிப்போட்டேன். தப்புப் பண்ணிட்டேன். நிக்காது. நான் சொல்றேன், நிக்காது."

நதியாதான் முதலில் எழுந்தாள். இவர் துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். வரிசையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

இப்போது நதியாவின் பிள்ளை ஆறாம் வகுப்பு பெஞ்சில் தூங்குகிறது. அவள் அம்மா என்னிடம் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் முகாமுக்கு நான்தான் உப்புமா கிளறினேன். என் கூடம், என் அடுப்பு, கொஞ்சம் தைரியமாக இருந்தது. தட்டை நீட்டுகிறவர்கள் என்னைப் பார்த்து, "என்னாச்சு சாந்தாமணி, உன் வீடு நல்லாத்தான நிக்குது?" என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. நின்றுவிட்டால்? என் கணக்கு தப்பாக இருந்தால்? இத்தனை பேரை நனைய வைத்தேனே. நிற்கக் கூடாது என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். சொந்த வீட்டை.

அப்போதுதான் கேட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு தகரம் கிழிகிற சத்தம். நதியா வீட்டுக் கூரை.

கையில் கரண்டியோடு வராந்தாவுக்கு ஓடினேன். "அப்பா எங்க?" என்று இலக்கியா கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன். அவரைக் காணோம். வரிசையில் இல்லை. வகுப்பறையில் இல்லை. யாரோ சொன்னார்கள்: "காலைல வீட்டுப் பக்கம் போனாரே."

பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டி எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. ரோட்டு வளைவில் கூட்டம் நின்றது. கீழே எங்கள் வரிசை இருந்த இடத்தில் பச்சை மண் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தடுப்புச் சுவர் மட்டும் ஒரு துண்டு, தரைத் துண்டு ஒட்டிக்கொண்டே, கவிழ்ந்து கிடந்தது. பிரியவே இல்லை.

கூட்டத்துக்கு ஓரமாக அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்குள் ரசமட்டமும் குண்டும். சாமி முன்னால் நான் வைத்துவிட்டு வந்தவை. அதை எடுக்கப் போயிருக்கிறார். எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறிப் பீடி பற்ற வைப்பதற்குள் வீடு போய்விட்டதாம்.

அடித்தேன். கரண்டியாலேயே அடித்தேன். ஊரே பார்த்தது. இலக்கியாவும் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. நான் அடித்து முடித்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் நதியாவின் அம்மா வந்து பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, பேசாமல் திரும்பிப் போனார்.

நவம்பர் 9, ஞாயிறு

டவுனுக்குள் ஒரு வாடகை வீடு பார்த்தாயிற்று. ஒரே அறை, ஒரு அடுக்களை. மார்க்கெட் பக்கம் என்பதால் மலை தெரியாது. எனக்கு அதுதான் வேண்டும்.

அவரைப் பதினைந்து நாளாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நேற்று ஒரு மேஸ்திரி கூப்பிட்டாராம். அஸ்திவாரம் தோண்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "இது கொட்டுன மண்ணுங்க, இதுல வேண்டாம்" என்று இவரே சொல்லியிருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. நாளைக்கு வேறு இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் சாமான் இறக்கியதும் அவர் செய்த முதல் வேலை, ரசமட்டத்தைத் தரையில் வைத்ததுதான். ஒவ்வொரு மூலையாக வைத்தார். தூக்குக்குண்டை நான்கு சுவரிலும் தொங்கவிட்டார். பிறகு, "வந்து பாரு சாந்தா. குமிழி நடுவுல நிக்குது" என்றார். எங்களைப் பார்த்து அவர் நேராகப் பேசியே ரொம்ப நாளாகிறது. "சரிங்க" என்றேன்.

இலக்கியா ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறாள். 'சமதளத் தரையில் செங்குத்தாக நிற்கும் சுவரில் ஓர் ஏணி சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. ஏணி தரையோடு உண்டாக்கும் கோணம், சுவரோடு உண்டாக்கும் கோணத்தைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் காண்க.' x, 2x, நடுவில் 90. x = 30, இன்னொன்று 60. போட்டுவிட்டேன். சமதளம், செங்குத்து என்று கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்கள், நானாக வைத்துக்கொண்டது இல்லை. இருந்தாலும் அந்த 90-ஐ எழுதும்போது பேனா நின்றது. பரீட்சையிலும் நிற்கும் போலிருக்கிறது.

மத்தியானம் அவர் கடைக்குப் போனார். படி இறங்குகிற சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ரசமட்டத்தை எடுத்து, அவர் வைத்த அதே மூலைகளில் நானே வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில்தான் நின்றது. பொய் சொல்லவில்லை.

தோசைக் கல்லை அடுப்பில் ஏற்றி எண்ணெய் விட்டேன். எந்தப் பக்கமும் ஓடாமல் வட்டமாக நின்றது. நாளைக்கும் விட்டுப் பார்ப்பேன்.